வளைவில் காத்திருக்கும் கேமரா

வாரநாள்களில் அலுவலகத்திலோ ஆலையிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கோ கோயில் நகரத்திற்கோ கார்ப் பந்தயத் திடலுக்கோ செல்லும் பொழுதுபோக்கு ஒளிப்படக்காரரின் கலையைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் கருவியின் விலையிலும் லென்சின் நீளத்திலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அவர் எடுக்கும் பறவைப் படம், பயணப் படம், பந்தயப் படம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற விருப்பங்களாகவே மதிப்பிடப்படுகின்றன. ஆனால் இம்மூன்றுக்கும் அடிப்படையாக இருப்பது ஒரே திறன்: ஒரு பொருள் எங்கே, எப்போது மீண்டும் வரும் என்பதை முன்னதாக அறிந்து, அந்த இடத்தை நோக்கிக் கேமராவை ஆயத்தமாக வைத்திருக்கும் திறன். வேகமான கேமரா இந்த அறிவுக்குத் துணை செய்யுமே தவிர, அதற்கு ஈடாகாது.

வயலோர மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பச்சைப் பஞ்சுருட்டானை எடுத்துக்கொள்ளலாம். குருவியளவே பருமன் உள்ள இப்பறவை, காற்றில் பறக்கும் தும்பியையோ தேனீயையோ பாய்ந்து பிடித்தபின், பெரும்பாலும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து, இரையைக் கம்பியில் அடித்துக் கொன்றபிறகே விழுங்கும். பறக்கும் பறவையைத் துரத்தித் துரத்திப் படம் எடுக்க முயல்பவருக்கு வெற்று வானமே மிஞ்சுகிறது. அது திரும்பி வரும் இடத்தில் குவியத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கு, இறக்கை விரித்து இறங்கும் நொடி கிடைத்துவிடுகிறது. சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள, ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடத்திலும் நிலைமை இதுவே. நல்ல ஓட்டுநர் ஒவ்வொரு சுற்றிலும் வளைவின் வெளியோரத்திலிருந்து உள்ளோரத்தைத் தொட்டு மீண்டும் வெளியோரத்திற்கு வரும் அதே பாதையை ஏறக்குறைய மாறாமல் பின்பற்றுவார். வளைவில் வேகமும் குறையும், வண்டியின் முகமும் பார்வையாளர் பக்கம் திரும்பும். ஆகவே நேர்த்தடத்தின் ஓரத்தைவிட வளைவின் ஓரமே படக்காரருக்கு உகந்த இடம். பார்வையாளரையும் தடத்தையும் பிரிக்கும் கம்பிவலை அங்கே தடையாகத் தோன்றினாலும், லென்சை வலையை ஒட்டி வைத்து, ஒளி நுழையும் துளையை அகலமாகத் திறந்துவிட்டால், மிக அருகிலுள்ள வலை மங்கிக் கரைந்துவிடும்.

அடுத்து எழுவது, இயக்கத்தை எந்த அளவுக்கு நிறுத்துவது என்னும் கேள்வி. ஷட்டர் என்பது உணரியின்மீது, அதாவது முன்னாளில் ஃபிலிம் இருந்த இடத்தில், ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்தால், அதற்குள் கார் 5 சென்டிமீட்டரே நகர்ந்திருக்கும், சக்கரமும் ஒரு சில பாகையளவே சுழன்றிருக்கும். அப்படி எடுத்த படத்தில் எழுத்துகளும் திருகுகளும் துல்லியமாகத் தெரிந்தாலும், கார் தடத்தின் நடுவே நிறுத்திவைக்கப்பட்டதைப் போலத் தோன்றும். மாறாக, ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் கார் ஒரு மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் கேமராவைக் காரின் போக்கிலேயே இடுப்பிலிருந்து சீராகத் திருப்பிக்கொண்டே வந்தால், காரின் உடல் தெளிவாகவும் பின்னணி கிடைக்கோடுகளாக இழுபட்டும் பதிவாகும். இம்முறையையே படக்காரர்கள் பேனிங் என்கின்றனர். இதில் பெரும்பாலான படங்கள் வீணாகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும். நாளிதழுக்குப் படம் அனுப்பியே ஆகவேண்டிய தொழில்முறைப் படக்காரர் அந்த இழப்பைத் தாங்க இயலாமல் பாதுகாப்பான வேகத்திற்குச் சென்றுவிடுவது இயல்பு. யாரும் காத்திராத படத்தை எடுப்பவருக்கோ அத்தகைய நெருக்கடி இல்லை. இந்தச் சுதந்திரத்தைப் பெற்றும், பொழுதுபோக்குப் படக்காரர்களில் மிகப் பலர் துல்லியத்தையே அழகென்று கொண்டு, ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே தங்கிவிடுவது இக்கலையின் இன்றைய பெருங்குறை.

இயக்கத்தைப் படத்தில் கொண்டுவந்தவர்களுள் மிகச் சிறந்தவர் ஒருவர் தொழில்முறைப் படக்காரர் அல்லர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1894இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரர் ஜாக் ஆன்றி லார்த்திக், ஓவியராகவே தம்மைக் கருதியவர். சிறுவயதில் தந்தை அளித்த கேமராவால் தம் வீட்டார் தாவுவதையும் விமானங்கள் எழும்புவதையும் பந்தயக் கார்கள் பறப்பதையும் தம் மகிழ்ச்சிக்காகவே பதிந்துவந்தார். முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதில் காரின் முன்பகுதி சட்டத்திற்கு வெளியே போய்விட, பின்சக்கரம் வட்டமாக இல்லாமல் முன்நோக்கிச் சாய்ந்த முட்டை வடிவில் இருக்கிறது, சாலையோரத்தில் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கின்றனர். அவருடைய கேமராவில் ஷட்டர் என்பது ஒரு பிளவுள்ள திரை. அது மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ நகர்ந்து படத்தைப் பட்டை பட்டையாகப் பதிவு செய்தது. ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் கார் முன்னேறியதால் சக்கரம் ஒருபுறம் சாய்ந்தது. லார்த்திக் கேமராவைத் திருப்பியதால், ஆனால் காரின் வேகத்திற்குத் திருப்ப முடியாமற் போனதால், நின்றிருந்தோர் மறுபுறம் சாய்ந்தனர். இலக்கணப்படி பார்த்தால் இது தவறிப்போன படம். எனினும் வேகத்தைக் கண்ணுக்குக் காட்டுவதில் அதை விஞ்சிய படங்கள் மிகக் குறைவு. 1963இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோதுதான், எழுபது வயதை நெருங்கிய அந்த ஓவியரை ஒளிப்பட உலகம் அறிந்துகொண்டது.

பயணப் படத்தில் மீண்டும் வருவது பறவையோ காரோ அன்று, வெயில். மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு சிற்பத்தொகுதி கிழக்கு நோக்கியது. காலை வெயில் படும்போது யானைகளின் திரட்சியும் தவசியின் விலா எலும்புகளும் நிழலால் எழுந்து நிற்கும், பிற்பகலில் பாறை முழுவதும் தட்டையாகிவிடும். நகரத்திலிருந்து பதினொரு மணிக்கு வந்து சேர்ந்து, ஒரு மணிக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்புவோரின் படங்கள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதற்குக் காரணம் கேமரா அன்று.

காட்டுயிர்ப் படத்தில் மட்டும் கூடுதலான ஒரு கடமை சேர்கிறது. கார் ஓட்டுநருக்குக் கேமராவால் துன்பம் இல்லை. கோயிற் சிற்பத்திற்கும் இல்லை. கூட்டில் இருக்கும் பறவைக்கு உண்டு. காட்சியை மறைக்கும் கிளைகளை ஒடித்துக் கூட்டைத் திறந்துவிடும் படக்காரர், குஞ்சுகளை வெயிலுக்கும் காக்கைக்கும் காட்டிக்கொடுத்துவிடுகிறார். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவர், எதிரி வந்துவிட்டதென்று அதை நம்பவைத்து, இரை தேடும் நேரத்தைப் பறிக்கிறார். வேடந்தாங்கல் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டு அங்குள்ள நாரைகளுக்குக் காப்புப் பெற்றனர். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியினர் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. ஊரார் தலைமுறைகளாகக் கடைப்பிடிக்கும் இந்த அடக்கத்திற்கு முன்னால், பத்தடி நெருங்கிவிட்ட பெருமையைப் பேசும் படக்காரரின் நிலை மிகச் சிறியது.

நெருக்கமே சிறப்பு என்னும் எண்ணத்திற்கு மாற்றாகத் தமிழ் வாசகர் அறிந்த சான்று மா. கிருஷ்ணன். 1912 முதல் 1996 வரை வாழ்ந்த இவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், கொல்கத்தாவின் தி ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் இறுதிவரை இயற்கை குறித்த பத்தியை எழுதியவர், தமிழிலும் எழுதியவர். பல கேமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கனமான கருவியால், கருப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். அவருடைய யானைப் படங்களில் யானையோடு புல்லும் மரமும் மந்தையின் மற்ற உறுப்பினரும் இடம்பெறுவதால், அவ்விலங்கு எங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பது பார்ப்பவருக்கு விளங்குகிறது. இன்றைய நீண்ட லென்சு தரும், பின்னணி முழுவதும் பச்சைக் குழம்பாக மங்கிய பறவை முகங்களில் இந்தச் செய்தி கிடைப்பதில்லை; அவை பறவை அடையாள அட்டைக்குப் பயன்படலாம்.

பொழுதுபோக்குப் படங்களின் மற்றொரு பயனை அவற்றை எடுப்போரே போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார், மோட்டார்சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் அவை இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிவிட்டன. அக்காலத்தில் கூட்டத்தோடு நின்று எடுத்த தனியார் படங்கள் இன்று வரலாற்று ஆவணம் ஆகியிருக்க வேண்டியவை. பின்புறத்தில் ஒன்றும் எழுதப்படாதவையாயின், வண்டி எது, ஓட்டியவர் யார் என்று சொல்ல ஆளில்லை. லார்த்திக் தம் படங்களை நூற்றுக்கு மேற்பட்ட ஆல்பங்களில் ஒட்டிக் குறிப்பெழுதி வைத்திருந்தார்; நாட்குறிப்பும் எழுதினார்; 1979இல் அவற்றைப் பிரெஞ்சு அரசுக்கே வழங்கினார். இன்றைய கேமரா தேதியையும் நேரத்தையும் தானே பதிந்துகொள்கிறது, கைப்பேசி இடத்தையும் பதிந்துகொள்கிறது. ஏரியில் இறங்கிய நாரைகள் எத்தனை, அவ்வாண்டு நீர்மட்டம் எப்படி இருந்தது, மூன்றாம் சுற்றில் தடம் விட்டு விலகிய கார் யாருடையது என்பவற்றை எடுத்தவர்தான் அன்றிரவே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.