ஆராய்ச்சிக் கூடம் வாணிபமானபோது



நம் பிள்ளைகளுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போடப்படுகின்றது. இனிப்பு நீர் நோய் கண்ட நம் பெரியவர்கள் பலர் இன்சுலின் மருந்தால் உயிர் வாழ்கின்றனர். இவ்விரு மருந்துகளின் வரலாற்றிலும் கனடா நாட்டு டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஓர் ஆராய்ச்சிக் கூடத்திற்குப் பெரும் பங்குண்டு. கன்னாட் ஆய்வுக்கூடம் என்பது அதன் பெயர். 58 ஆண்டுகள் பொதுச் சொத்தாக விளங்கிய அக்கூடம் 1972ஆம் ஆண்டில் வாணிப நிறுவனமாக மாறியது. அம்மாற்றத்தால் விளைந்தவை யாவை என்பது பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டை அடைப்பான் கனடாவில் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் குடித்து வந்தது. அதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த அம்மருந்தின் விலைதான் ஏழைப் பெற்றோரின் கைக்கு எட்டவில்லை. இந்நிலையைக் கண்டு மனம் பொறாத டாக்டர் ஜான் ஜெரால்டு ஃபிட்ஸ்ஜெரால்டு என்பார், 1913ஆம் ஆண்டின் இறுதியில் டொரான்டோ நகரில் ஒரு குதிரை லாயத்தை அமைத்தார். தம் துணைவியாரின் குடும்ப வழி வந்த பணமும் அதற்குச் செலவாயிற்று. பசை ஆலைக்கு அனுப்பப்பட இருந்த முதிய குதிரைகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, அவற்றின் உடலில் நோய் நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றினார். குதிரையின் இரத்தம் அந்நஞ்சை முறிக்கும் ஆற்றலைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். அவ்விரத்தத்தில் சிறிதளவு எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்தால் அதுவே மருந்து.

1914ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்கலைக்கழகம் இம்முயற்சியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. மருந்து ஏறத்தாழ அடக்க விலைக்கே விற்கப்பட்டது. மிஞ்சிய பணம் யாருடைய சட்டைப் பைக்கும் போகாமல் மேலும் ஆராய்ச்சிக்கே திரும்பியது. 1916ஆம் ஆண்டு முதல் ஒண்டாரியோ மாநில அரசு இம்மருந்தை வாங்கி மக்களுக்கு இலவசமாகவே வழங்கலாயிற்று. அடுத்த ஆண்டில், மதுபான ஆலை அதிபரான ஆல்பர்ட் குடர்ஹாம் அன்பளிப்பாக அளித்த பண்ணையில் புதிய கூடம் திறக்கப்பட்டது. குடிப்போர் கொடுத்த காசில் ஒரு பகுதியேனும் இவ்வாறு நல்வழிக்குத் திரும்பியது ஆறுதலே!

1922ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இனிப்பு நீர் நோயால் எலும்பும் தோலுமாய்க் கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு டொரான்டோ மருத்துவமனையில் இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை அந்நோய் கண்ட சிறார்க்கு மரணமே முடிவாக இருந்தது. மருந்தைக் கண்டறிந்த பாண்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் நினைத்திருந்தால் பெருஞ்செல்வர்களாகி இருக்கலாம். அவர்களோ 1923ஆம் ஆண்டில் தங்கள் உரிமையைத் தலைக்கு ஒரு வெள்ளி பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். எந்தத் தனி நிறுவனமும் அம்மருந்தைத் தன் ஏகபோகமாக்கிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். கனடாவிற்கு வேண்டிய இன்சுலினைக் கன்னாட் கூடமே தயாரித்தது.

பின்னர் இளம்பிள்ளை வாதத் தடுப்பூசி வந்தது. அதற்கு வேண்டிய நோய்க் கிருமியைப் பேரளவில் வளர்க்கும் முறையை அக்கூடத்தைச் சேர்ந்த லியோன் ஃபாரெல் என்னும் பெண் அறிவியலாளர் வகுத்தார். கண்ணாடிப் புட்டிகளை மெல்ல ஆட்டி ஆட்டி வளர்க்கும் முறை அது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பதினெட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்குபெற்ற மாபெரும் சோதனைக்கு அம்முறையே கைகொடுத்தது.

இத்துணைப் புகழ் பெற்ற கூடத்தை ஏன் விற்றார்கள் என்று நீங்கள் வினவக்கூடும். பல்கலைக்கழகத்தின் தரப்பிலும் நியாயம் இருந்தது. கூடம் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்துவிட்டது. புதிய இயந்திரங்களுக்கும் புதிய கட்டடங்களுக்கும் பெருந்தொகை வேண்டியிருந்தது. பாடம் கற்பிக்கும் நிறுவனம் மருந்தாலையை நடத்தலாமா என்னும் கேள்வியும் எழுந்தது. எனவே 1972ஆம் ஆண்டில், அரசு தோற்றுவித்த கனடா மேம்பாட்டுக் கழகத்திற்கு அது இரண்டு கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டது. அப்பணத்தை மூலதனமாகக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி நிதி இன்றளவும் அறிஞர்களுக்கு உதவி வருகின்றது. இது பெற்ற நன்மை.

ஆயினும் வாங்கியவர் அரசின் கழகமே ஆயினும், இலாபம் ஈட்ட வேண்டிய கழகம். அதன் பங்குகளை அரசு எண்பதுகளில் விற்றுவிட்டது. 1989ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மெரியூ நிறுவனம் கன்னாட்டை வாங்கியது. இன்று அது சனோஃபி என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் ஒரு பகுதி. டொரான்டோவில் தடுப்பூசித் தயாரிப்பு நின்றுவிடவில்லை, வேலைகளும் இருக்கின்றன. ஆனால் எந்த மருந்தைச் செய்வது, எவ்விலைக்கு விற்பது என்னும் முடிவு கடல் கடந்து போய்விட்டது.

கோவிட் பெருந்தொற்றின்போது, 2020ஆம் ஆண்டின் இறுதியில் கனடா தன் மக்களுக்கு முதல் தடுப்பூசிகளை வெளிநாடுகளிலிருந்து தருவிக்க நேர்ந்தது. பழைய விற்பனை ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வது முறையன்று. அத்தடுப்பூசிகளின் தொழில்நுட்பமே புதியது. எனினும் 2021ஆம் ஆண்டில், அதே டொரான்டோ வளாகத்தில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆலையை எழுப்புவதற்காக, கனடா நடுவண் அரசு 41 கோடியே 50 இலட்சம் வெள்ளி வரை உதவ முன்வந்தது. முன்னர் விற்ற விலையுடன் இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பண மதிப்பு குறைந்துவிட்டதைக் கணக்கில் கொண்டாலும், நம்மைச் சிந்திக்க வைக்கும் தொகை அல்லவா?

கனடாவின் கதை நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. நீங்கள் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரம் 1925ஆம் ஆண்டில் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் படைப்பு. ஏற்றுமதி ரப்பர் மீது விதித்த தீர்வையே அக்கழகத்தை வளர்த்தது. அந்த ரப்பரில் உங்கள் பெற்றோரின் விடியற்கால உழைப்பும் கலந்திருந்தது. பெருந்தோட்டத்திற்குக் கிடைத்த அதே இனம் நான்கு ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரருக்கும் கிடைத்தது. அக்கழகம் 1998ஆம் ஆண்டில் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் நிறுவனமயமானதும் அவ்வாண்டிலேயே.

ஆராய்ச்சியை வாணிபத்துடன் இணைப்பது தவறென்று நாம் கூறவில்லை. கூடத்தில் கண்டது புட்டியில் அடைபட்டுச் சந்தைக்கு வரவில்லையேல் யாருக்குப் பயன்? ஆனால் விற்பனைப் பத்திரம் எழுதும் நாளிலேயே, ஏழைக்கு என்ன விலை, நெருக்கடிக் காலத்தில் முதலில் யாருக்கு மருந்து, வாங்கியவர் மறுபடி விற்றால் என்ன நிபந்தனை என்பனவற்றையும் எழுதி வைத்தல் வேண்டும். நம் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பயில்கின்றனர். நாளை அத்தகைய பத்திரங்களில் கையெழுத்திடும் இடத்தில் அவர்களும் இருக்கக்கூடும்.