அவையின் வாயிலும் அகத்தின் திரையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய வட்டம் எதுவாயினும் அதன் வாழ்நாளில் ஒரு வினா திரும்பத் திரும்ப எழுவதுண்டு. வாயிலை எவ்வளவு திறந்து வைப்பது? உறுப்பினர் கூடிக் கவிதை வாசிக்கும் அமர்வில் விருந்தினரும் இருக்கலாமா? அங்கே கேட்டதை அவர் வெளியே எடுத்துச் செல்லலாமா? விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடக்கூடிய வினாவாகத் தோன்றினாலும், கவிதை எந்தச் சூழலில் பிறக்கிறது என்பதையே இவ்வினா தொடுகிறது.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. புதியவர் வாராத வட்டம் நாளடைவில் தன்னோடு தானே பேசத் தொடங்கிவிடும். இன்று கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுச் செல்பவரே நாளை கவிதையோடு வருபவர். ஆனால், கேட்பவர் யார் என்று தெரியாத அவையில், கவிஞர் வாசிக்க எடுக்கும் தாளே மாறிவிடுகிறது. முடிவு பெறாத கவிதையும், மணவாழ்வின் கசப்பைச் சொல்லும் கவிதையும், சாதியின் பெயரால் பட்ட அவமானத்தைச் சொல்லும் கவிதையும் பைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. கைதட்டல் உறுதியான கவிதை மட்டும் மேடைக்கு வருகிறது. பெண் கவிஞர்க்கு இவ்விழப்பு இன்னும் மிகுதி. எழுதிய வரி உறவினர் வீட்டுக் கூடத்தில் வாக்குமூலமாகப் படிக்கப்படும் என்ற அச்சம், அந்த வரி பிறக்கும் முன்பே எழுதுகோலைத் தடுத்துவிடுகிறது.

தமிழ் மரபு அவையை அஞ்சி ஒதுங்கிய மரபன்று. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் என்பதன் பொருள் யாது? நூல் நிறைவுற்றது எனப் படைத்தவர் உணர்ந்து, தாமே முன்வந்து, பிறர் செவிக்கு அதை ஒப்படைப்பதாகும். ஒப்படைக்கும் வேளையைத் தேரும் உரிமை படைத்தவருடையது.

அவ்வுரிமை பறிபோனால் நேர்வதற்கு உருசிய நாட்டு வரலாறு சான்று தருகிறது. 1933ஆம் ஆண்டின் இறுதியில் ஓசிப் மண்டேல்ஷ்டாம் ஸ்டாலினைச் சாடிச் சிறு கவிதை ஒன்றை இயற்றினார். அதனை அச்சுக்குத் தரவில்லை. நம்பிக்கைக்குரிய சிலருக்கு மட்டும் வாய்மொழியாகச் சொல்லிக் காட்டினார். செய்தி வெளியேறிற்று. 1934 மே மாதம் கைது செய்யப்பட்டுத் தொலைவூருக்கு அனுப்பப்பட்டார். 1938இல் மீண்டும் கைதாகி, அவ்வாண்டு டிசம்பரில் விளாடிவஸ்தோக்கை அடுத்த இடைத்தங்கல் முகாமில் உயிர் நீத்தார்.

அதே நாட்டில், அதே கொடிய ஆண்டுகளில், அன்னா அக்மதோவா 'ரெக்வியம்' என்னும் நெடுங்கவிதையை உருவாக்கிக்கொண்டிருந்தார். சிறைவாயிலில் வரிசையில் நின்ற பெண்களின் துயரம் அதன் பொருள். வரிகளைத் தாள் துண்டில் எழுதிக் காட்டுவார். தோழி லிடியா சுக்கோவ்ஸ்கயா படித்து மனத்தில் பதித்துக்கொள்வார். உடனே தாள் எரிக்கப்படும். ஒரு சிலர் நினைவிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அக்கவிதை 1963இல் மியூனிக் நகரில் அச்சேறியது. சொந்த நாட்டில் முழுமையாக அச்சாக 1987 வரை காத்திருந்தது.

இரண்டும் மூடிய அறைகளே. ஓர் அறை கவிஞரைக் காட்டிக்கொடுத்தது. மற்றோர் அறை கவிதையைக் காத்தது. ஆகவே கதவு மட்டும் காவலாகிவிடாது. உள்ளே அமர்ந்தவரின் நேர்மையே காவல். உறுப்பினர் என்பதாலேயே ஒருவர் நம்பத்தக்கவர் ஆவதில்லை. விருந்தினர் என்பதாலேயே ஐயத்துக்குரியவர் ஆவதுமில்லை.

விருந்தினரையும் அமர்த்தி, பேசுவோரையும் காப்பதற்கு இலண்டனில் ஒரு வழி கண்டனர். 1920இல் தோன்றிய பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனமாகிய சாத்தம் ஹவுஸ், 1927இல் ஒரு விதியை வகுத்தது. 1992இலும் 2002இலும் அதனைச் செப்பம் செய்தது. அவ்விதியின் கீழ் நடக்கும் கூட்டத்தில் கேட்ட கருத்தை எவரும் வெளியே பயன்படுத்தலாம். ஆனால் சொன்னவர் யார், வந்திருந்தவர் யார் என்பதை வெளியிடலாகாது. கருத்துக்குக் கதவு திறக்கிறது. ஆளுக்குத் திரை விழுகிறது.

தமிழுக்கு இது புதிய எண்ணமன்று. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பிய அகத்திணையியல் விதித்தது. காதலும் பிரிவும் ஊடலும் உலகறியப் பாடப்பட்டன; அவற்றுக்கு உரியவர் இன்னார் என்பது மட்டும் மறைக்கப்பட்டது. பெயர் இன்மையால் அப்பாடல் படிப்பவர் எல்லார்க்கும் உரியதாயிற்று. பாடியவரை மட்டுமன்றி, பாடப்பட்டவரையும் அவ்விதி காத்தது. கவிதைக்குள் வரும் மனைவியும் தமையனும் தோழியும் அவைக்கு அழைக்கப்படாதவர்கள். மறுமொழி சொல்ல அங்கே அவர்களுக்கு இருக்கை இல்லை. உறுப்பினரின் அந்தரங்கம் பற்றிப் பேசும்போது அவர்களை மறத்தல் தகாது.

பெயரை நீக்கினால் மட்டும் போதுமா? நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகளில் தலைவியின் பிரிவுத் துயரையும் பாசறையில் உறங்காத அரசனையும் காட்டுகிறது. அரசன் பெயர் அதில் இல்லை. ஆயினும் அவனுடன் செல்லும் வேலில் வேம்பு சூட்டியிருப்பதாக வரும் குறிப்பு பாண்டியனைச் சுட்டிவிட்டது என்று காட்டி, நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். ஓர் அடையாளம் போதும், அகம் புறமாகிவிடும். ஊர், தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை என்று வெளியே கசியும் சிறு குறிப்பும் இன்றைய வேம்பே. ஒருவர் வாசிக்கும்போதே பக்கத்திலிருப்பவரின் கைபேசி அதனைப் பதிவு செய்துவிடும் இக்காலத்தில், குரலே ஒரு வேம்புதான்.

எனவே வட்டங்கள் இரண்டு அமர்வுகளை வெவ்வேறாகக் கொள்ளுதல் நலம். ஒன்று, எவரும் வரத்தக்க அரங்கு, நிறைவுற்ற கவிதைக்குரியது. மற்றொன்று, வளரும் கவிதைக்குரிய உள்ளமர்வு. உள்ளமர்விலும் விருந்தினர்க்கு இடம் உண்டு. ஆனால் அன்று வாசிப்பவரின் இசைவு முதலில் வேண்டும். பதிவுக் கருவி வெளியே இருக்க வேண்டும். யார் யார் கேட்கிறார் என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். கேட்டவர் கவிதையின் நயத்தை எங்கும் பேசலாம். கவிஞரின் வாழ்வை எங்கும் பேசலாகாது. இவ்வொழுங்கு விருந்தினர்க்கும் உறுப்பினர்க்கும் ஒன்றே.

ஊராரின் பேச்சைச் சங்கப் புலவர்கள் அம்பல் என்றும் அலர் என்றும் பகுத்தனர். சிலர் வாய்க்குள் முணுமுணுக்கும் அரும்புநிலை அம்பல். பலரும் அறிய விரிந்தது அலர். அலர்தல் என்றால் மலர்தல். பத்தாண்டுக் கவிதைகளைத் தொகுத்து மலர் வெளியிடும் இவ்வேளையில் அச்சொல் ஓர் எச்சரிக்கையும் ஆகிறது. உள்ளமர்வில் நம்பிக்கையோடு வாசிக்கப்பட்ட கவிதை, எழுதியவரின் ஒப்புதலோடு இத்தொகுப்பில் விரிந்தால் அது மலர். ஒப்புதலின்றி விரிந்தால் அது அலர். இரண்டுக்கும் இடையே நிற்பது எழுதியவரிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி மட்டுமே. அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறாத வட்டம் வாயிலை அகலத் திறந்து வைக்கலாம்.