மாடும் கோழியும் சொல்லும் புற்றுநோய்ப் பாடம்



குடும்ப நலம் பேச வந்த இடத்தில் மாடும் கோழியும் எதற்கு என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. "புற்றுநோயா? அது தலைவிதி. வெளியே சொன்னா ஊர் சிரிக்கும்" என்று வாய்மூடி இருந்துவிட்டு, காலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் இன்றும் உண்டு. ஆனால் சில வகைப் புற்றுக்கு வித்திடுவது வைரஸ் என்னும் நுண்கிருமி. அதைத் தடுக்க வழியும் உண்டு. இதை விஞ்ஞானம் முதலில் கற்றது பிராணிகளிடமிருந்துதான்.

அமெரிக்காவில் பெய்டன் ரௌஸ் என்பவர் ஒரு கோழியின் புற்றுக்கட்டியை அரைத்து, மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். அந்தச் சாற்றை நல்ல கோழிக்கு ஊசி போட்டார். அதற்கும் கட்டி வந்தது! 1911-ல் அவர் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 1966-ல்தான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் என்ன செய்கிறது? நம் உடம்பு கோடி கோடி உயிரணுக்களால் ஆனது. பழையது தேய்ந்தால் புதியது பிறக்கும். போதும் என்றதும் நின்றுவிடும். சில வைரஸ்கள் உயிரணுவுக்குள் புகுந்து, "போதும்" என்ற அந்தக் கட்டளையைக் கெடுத்துவிடும். மடையை அடைக்க ஆளில்லாத வயல் போல, வளர்ச்சி கட்டுக்கடங்காமல் போகும். அதுதான் புற்று.

இப்போது மாட்டைப் பாருங்கள். மாட்டு ரத்தப்புற்று வைரஸ் ரத்தத்தின் வழியே பரவும். ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போட்டாலும் பரவும். ஆனால் வைரஸ் புகுந்த 100 மாடுகளில் கட்டி வருவது ஐந்துக்கும் குறைவுதான். அதுவும் பல ஆண்டு கழித்து. "அப்போ பாலைக் குடிக்கலாமா?" என்று கேட்பீர்கள். காய்ச்சிக் குடியுங்கள், கொதியில் அந்த வைரஸ் செத்துவிடும்.

மாட்டுக்கு வரும் மருவும் ஒரு வைரஸால் வருவதே. பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். ஆனால் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு வகைப் பெரணிச் செடியைத் தின்ற மாடுகளுக்கு, உணவுக்குழாயில் இருந்த மரு புற்றாக மாறியது. வைரஸோடு அந்தச் செடியின் நஞ்சும் சேர்ந்ததே காரணம் என்று ஜாரட் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் 1978-ல் எழுதினார்கள்.

கோழிக்கு மேரக் நோய் என்று ஒன்று உண்டு. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டி விழும். உடலுக்குள் கட்டிகள் வரும். இதுவும் வைரஸ்தான். 1970-களின் தொடக்கத்திலேயே இதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது. புற்றைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்று காட்டியது கோழிதான்!

மனிதருக்கும் இதே கதைதான்.

கருப்பைவாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ். இது தாம்பத்திய உறவின் வழியே வரும். தொற்றினவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பத்து இருபது ஆண்டு கழித்துப் புற்றாகலாம். ஆணுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கணவன் மனைவியைச் சந்தேகிக்கவோ, மனைவி கணவனைக் குறை சொல்லவோ இதில் இடமில்லை.

கல்லீரல் புற்றுக்கு ஹெபடைடிஸ்-பி வைரஸ் ஒரு காரணம். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாம். பூசணம் பிடித்த வேர்க்கடலையின் நஞ்சும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து கூடும், அந்த மாட்டுக்குப் பெரணிச் செடி போல.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடுங்கள். பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் ஊசிகளையும் விடாதீர்கள்.

பெண் பிள்ளைக்கு 9 முதல் 14 வயதுக்குள் பாப்பிலோமா தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

30 வயது கடந்த தாய்மார்கள் நோய் இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சில நிமிஷ வேலைதான்.

உறவுக்குப் பின் உதிரம், மாதவிடாய் நின்றபின் உதிரம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கணவன்மார்களே, மாட்டுக்கு ஒன்று என்றால் மறுநாளே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிறீர்கள். வீட்டில் இருக்கிற அம்மா "ஒண்ணுமில்லீங்க, தானா சரியாப்போகும்" என்றாலும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். முன்கூட்டிக் கண்டால், புற்றாகும் முன்பே தடுத்துவிடலாம்.