பிழையைச் சொல்ல அஞ்சாத இடம்

(உத்தரகோசமங்கை ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

முன்பு நம் பகுதிப் பிள்ளைகள் பிழைப்பு என்றால் வளைகுடாவையும் மலேசியாவையுமே நோக்கினர். இன்று அவர்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் எழுதுகின்றனர். "பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்" என்பதற்கு மேல் பெற்றோருக்கு அத்தொழிலைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. அதனைப் பேச ஓர் ஆலிமுக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். நிரல் எழுத நமக்குத் தெரியாது. ஆனால் பிழை எவ்வாறு பிடிபடுகிறது, எவ்வாறு மறைக்கப்படுகிறது என்பது மத்ரஸாவில் பயின்ற எவரும் அறிந்ததே.

மென்பொருள் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு. ஒரு வங்கியின் மென்பொருளில் பல இலட்சம் வரிகள் இருக்கும். அத்தனையையும் பிழையின்றி எழுதும் மனிதன் பிறக்கவில்லை. எனவே ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசித்து ஒப்புதல் அளித்த பின்னரே சேர்ப்பது நல்ல நிறுவனங்களின் வழக்கம். எந்த வரியை யார், எந்நாளில், ஏன் மாற்றினார் என்பதும் பதிவாகும். இதற்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவியை இன்று உலகெங்கும் பயன்படுத்துகின்றனர். ஹிஃப்ழு மாணவர்கள் உஸ்தாதிடம் ஒப்புவிக்குமுன் ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டுவார்களே, ஏறத்தாழ அதுதான் இது.

இத்தனைக்குப் பின்னும் பழுது நேரும். நேர்ந்த பின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் தரம் தெரிகிறது. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்னும் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் களைப்போடு வேலை செய்கையில், உயிரோட்டத்தில் இருந்த தரவுகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். நகலெடுத்து வைக்க ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் அந்நேரம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் அதே பொறியாளர் வேறொரு காரியத்துக்காக எடுத்து வைத்திருந்த நகலே காப்பாற்றியது. நிறுவனம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. நடந்ததனைத்தையும் உலகறிய எழுதி வெளியிட்டது. 'யார் செய்தார்?' என்பதை விடுத்து, 'இது நடக்க எப்படி இடமிருந்தது?' என்று ஆராய்ந்தது. இவ்வாய்வை அத்துறையினர் 'போஸ்ட்மார்ட்டம்' என்கின்றனர். பெயர்தான் சற்று அச்சமூட்டுகிறது!

இப்பண்பை அமெரிக்காவிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. நமது இராமேஸ்வரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் பயின்ற மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் எஸ்.எல்.வி-3 ஏவுகலத் திட்டத்தின் இயக்குநராக இருந்தார்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுவதற்குச் சில நிமிடங்களே இருக்கையில், கணினி பழுதொன்றைக் கண்டு பணியை நிறுத்தியது. 'அஞ்ச வேண்டாம், போதிய எரிபொருள் இருப்பில் உள்ளது' என்றனர் உடனிருந்த வல்லுநர்கள். கலாம் அவர்கள் கணினியை விலக்கிவிட்டு ஏவ முடிவு செய்தார்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதுபட்டு ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் மறைந்தது.

அன்று பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் கலாம் அல்லர்; இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான். தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்று, குழுவினர்மீது தமக்கிருந்த நம்பிக்கையையும் அவர் தெரிவித்தார். 1980 ஜூலை 18-இல் அதே வகை ஏவுகலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாம் அவர்களையே அனுப்பிவைத்தார். கலாம் அவர்கள் தம் இறுதிக்காலம் வரை மேடைதோறும் இதனைச் சொல்லி வந்தார்கள். தவறு எங்கே என்று ஓராண்டுக்குள் கண்டறிய முடிந்ததற்கு, அதனைச் சொன்னவர்களின் வேலை பறிபோகவில்லை என்பதும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் கணினி சொன்னது சரி, மனிதர் கேட்கவில்லை. இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அந்நாட்டு அஞ்சல் துறை 1999 முதல் தன் கிளைகளில் ஃபியூஜிட்ஸு நிறுவனத்தின் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருளைப் புகுத்தியது. கிளைகளில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டிற்று. கிளை நடத்தியவர்கள் முறையிட்டபோது, 'உமக்கு மட்டுமே இப்படி நேருகிறது' என்று பலரிடமும் கூறினர். அம்மென்பொருளின் கணக்கையே சாட்சியாக வைத்து, 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டனர். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. சீமா மிஸ்ரா என்னும் பெண்மணி 2010 நவம்பரில், தம் மகனின் பத்தாவது பிறந்த நாளன்று, கருவுற்ற நிலையில் சிறை சென்றார். மென்பொருளில் பிழைகள் உண்டென அதனைப் பராமரித்தோரில் சிலர் அறிந்தேயிருந்தனர். 2019-இல்தான் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2021-இல் சீமா உள்ளிட்ட 39 பேரின் தண்டனை நீக்கப்பட்டது. எஞ்சியோருக்காக 2024-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

அறிந்தவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? பிரம்புக்கு அஞ்சும் மாணவன் தனக்குத் தடுமாறும் இடத்தை விரைவாக ஓதிக் கடந்துவிடுவான். உஸ்தாதும் சற்று அயர்ந்திருந்தால் அப்பிழை அவனிடத்தில் நிலைத்துவிடும். நம் நாட்டு நிறுவனங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் ஊழியரை வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்பவரை வெளியேற்றும் வழக்கம் உண்டு. அங்கே தன் பிழையைத் தானே சொல்பவன் பிழைப்பை இழக்கிறான். போதாக்குறைக்கு, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி 2023-இல் கூறினார். அதில் நமக்கு உடன்பாடில்லை. நள்ளிரவில் களைத்த கை எதை அழிக்கும் என்பதை மேலே கண்டோம்.

பெற்றோர்களே! பிள்ளை தொலைபேசியில் அழைத்தால் சம்பள உயர்வை மட்டும் விசாரிக்காதீர்கள். எத்தனை மணிக்கு உறங்கினான் என்றும் கேளுங்கள். இளைஞர்களே! நேர்காணலின் முடிவில், 'நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?' என்பார்கள். 'இங்கு கடைசியாக நேர்ந்த பெரிய பழுது எது? மறுநாள் என்ன செய்தீர்கள்?' என்று பணிவோடு கேளுங்கள். அவர்கள் விடை சொல்லும் விதத்தைக் கவனித்த பின் கையெழுத்திடுங்கள்.