பட்டமும் தொழிலும்

(மாஹிமில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்வி உதவி நிதியைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி காரியதரிசி பணித்திருக்கிறார். அதற்கு முன், பக்கத்திலேயே மாட்டுங்காவில் இருக்கும் ஒரு ஸ்தாபனத்தின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன். வி.ஜே.டி.ஐ. என்றால் தெரியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். இஞ்சினீயரிங் படிக்க நினைக்கும் நம் குழந்தைகள் முதலில் விசாரிக்கும் காலேஜ்களில் அது ஒன்று. ஆனால் அது பட்டம் கொடுப்பதற்காக ஆரம்பித்த இடமல்ல.

பம்பாயில் முதல் பஞ்சாலை 1856-ல் ஓட ஆரம்பித்தது. பிறகு ஆலைகள் பெருகின. முதலாளிகளில் பலர் பார்ஸிகள், பாட்டியாக்கள். தொழிலாளிகளில் பெரும்பாலோர் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த மராட்டியர்கள். ஆனால் ஸ்பின்னிங் மாஸ்டர், வீவிங் மாஸ்டர், இஞ்சினீயர் போன்ற பதவிகளுக்கு லங்காஷயரிலிருந்து ஆள் வரவேண்டும். பணமும் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. தொழில்நுணுக்கம் மட்டும் கப்பலில் வந்தது!

இந்தக் குறையைப் போக்க 1887-ல், விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி, விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிடியூட் தோன்றியது. பைகுல்லாவில் அது அமையப் பெருங்கொடை அளித்தவர் ஆலை அதிபர் சர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட். நெசவுத் தொழிலும் இயந்திரத் தொழிலும் முக்கியப் பாடங்கள். படித்து முடித்தவர்கள் பி.ஏ. என்று போட்டுக்கொள்ளவில்லை, எல்.எம்.ஈ., எல்.டி.எம். என்று போட்டுக்கொண்டார்கள். இந்த 'எல்' என்பது லைசென்ஷியேட், அதாவது டிப்ளமா. அந்த எழுத்துக்கு ஆலைகளில் நல்ல மதிப்பு இருந்தது. 1895-ல் பம்பாய் ஆலைகளின் மேற்பார்வைப் பதவிகளில் நூற்றுக்கு 40-க்கு மேல் ஐரோப்பியர்கள். 1925-ல் அது 30-க்குக் கீழே இறங்கிவிட்டது. இதில் இந்த ஸ்தாபனத்துக்கும் பங்குண்டு.

1923-ல் மாட்டுங்காவுக்கு இடம் பெயர்ந்தது. பட்டப் படிப்புகள் பின்னால் வந்து சேர்ந்தவை. 1982-ல் ஆலை வேலைநிறுத்தம். சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு பம்பாயில் ஆலைத் தொழில் நிமிரவேயில்லை. எந்தத் தொழிலுக்காகப் பிறந்ததோ அது போனபின்பும் பள்ளி நிலைத்தது. காலம் கேட்ட தொழிலைக் கற்பித்ததே காரணம். 1997-ல் வி.ஜே.டி.ஐ. என்ற எழுத்துக்கள் மாறாமல், சிவாஜியின் தாயார் வீரமாதா ஜீஜாபாயின் பெயர் சூட்டப்பட்டது.

நம் மாஹிமிலும் ஓர் உதாரணம் உண்டு. இங்குள்ள சேவியர் டெக்னிகல் இன்ஸ்டிடியூட், 1936-ல் ரேடியோவும் சினிமா ஒலிப்பதிவும் கற்றுத்தரும் பள்ளியாக, சேவியர் கல்லூரியில் தொடங்கியது.

நம்மவர்கள் பம்பாய்க்கு வந்த கதையும் வேறல்ல. மாட்டுங்காவில் குடியேறிய நம் பெரியவர்களில் பலரைக் காப்பாற்றியது டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும். அதுவும் தொழிற்கல்விதானே? 2009-ல் கோத்ரெஜ் டைப்ரைட்டர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனால் டைப் அடித்துப் பழகிய விரல்கள் கம்ப்யூட்டரில் தடுமாறவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் உதவி நிதியின் விதியில் 'பட்டப் படிப்புக்கு மட்டும்' என்று இருக்கிறது. சமையல் வேலையிலும் புரோகிதத்திலும் காலம் தள்ளும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. நாலு வருஷம் காத்திருக்க அவர்களுக்கு வசதியில்லை. அந்தப் பிள்ளை டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால், விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

"டிப்ளமா படித்தால் யார் பெண் கொடுப்பார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். டிப்ளமா முடித்தவர் நேராக இஞ்சினீயரிங் இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. சேராவிட்டாலும், கையில் தொழில் இருப்பவன் பட்டினி கிடப்பதில்லை. நான் பௌதிகப் பட்டதாரி. மோட்டார் சுழலும் தத்துவத்தைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். ஆனால் வீட்டில் மின்விசிறி நின்றால் ஐ.டி.ஐ. படித்த பையனுக்குத்தான் போன் செய்கிறேன்; அவன் 'நாளைக்கு வரேன் மாமா' என்றால் காத்திருக்கிறேன்!

ஆகவே, அந்த விதியில் 'மட்டும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'டிப்ளமா, ஐ.டி.ஐ. உட்பட' என்று சேர்க்கும்படி வேண்டுகிறேன். அடுத்த பொதுக்குழுவுக்கு இது தீர்மானமாக வரும். வெளியூர் அங்கத்தினர்கள் தங்கள் சம்மதத்தைக் கடிதம் மூலம் தெரிவிக்கலாம். ஜூன் மாதம் அட்மிஷன் தொடங்குமுன் முடிவு தெரிந்தால் சில பிள்ளைகளுக்கு இந்த வருஷமே உதவும்.