வலி கர்மமானால் மார்பினுக்கு அடங்குவதேன்?

(அஞ்சுகிராமம் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பொருளின் குணம் ஆண்டவன் கட்டளை என்றும், மனிதன் படும் வலி கர்மபலன் என்றும் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சற்று பரீட்சித்துப் பார்ப்போம்.

இவ்வூர்ப் பனையேறித் தோழரைக் கேளுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். குணத்தை மாற்றியது எந்தச் சாமி? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் அதனிடமுள்ள என்சைம் என்னும் நொதியுந்தான். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. வேறு ரகசியமில்லை.

அபினி விஷயமும் இப்படித்தான். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. நம் நாட்டில் காஜிப்பூரில் 1820-ம் வருஷத்திலேயே இதற்குச் சர்க்கார் தொழிற்சாலை ஏற்பட்டது. அபினியின் சத்தாகிய மார்பின் கடும் வலியைத் தணிக்கும். அளவு மீறினால் மூச்சையே நிறுத்தும்.

பிரிட்டனில் அபினியிலிருந்து மருந்தெடுக்கும் ஆலையின் கழிவுநீரில் ஒரு பாக்டீரியா அகப்பட்டது. அதன் பெயர் சூடோமோனாஸ் புட்டிடா எம்10. அதனிடம் இரண்டு நொதிகளைக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஒன்று மார்பினிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி மார்பினோன் ஆக்குகிறது. மற்றது அதில் வேறோரிடத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்து, மார்பினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஹைட்ரோமார்போன் என்னும் வலிமருந்தாக்குகிறது. ரோடோகாக்கஸ் எச்1 என்னும் வேறொரு பாக்டீரியாவின் நொதி ஹெராயினை மார்பினாக்கிவிடுகிறது. இந்நொதிகளோடு ஒளிவிடும் நொதியையும் சேர்த்து, ஹெராயின் இருந்தால் வெளிச்சம் காட்டும் சோதனையை 1990-களில் உண்டாக்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கிருமியிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டாலும் நொதி அதே வேலையைச் செய்கிறது. அங்கே ஆத்மா ஏது? மந்திரம் ஏது?

"இதனால் நமக்கென்ன?" என்பீர்கள். புற்றுநோயால் துடிப்பவரைப் பார்த்து, "பூர்வஜன்ம பாவம், அனுபவித்தே தீரவேண்டும்" என்கிறோமே, அதற்காகத்தான் சொல்லுகிறோம். கர்மத்தால் வந்த வலியானால் ஒரு செடியின் சத்துக்கு அது அடங்குவானேன்?

அபினி விளைகிற இந்நாட்டிலேயே, 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்பின் கிடைக்காமல் எத்தனையோ நோயாளிகள் கதறிச் செத்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தியது யாகமல்ல, வைத்தியர்களும் மற்றவர்களும் விடாமல் செய்த முயற்சி.

ஆகவே தோழர்களே! வீட்டில் வலியால் துடிப்பவருண்டானால், பரிகாரத்துக்குச் செலவிடாமல் டாக்டரிடம் சென்று வலிதீர்க்கும் வைத்தியத்தைக் கேளுங்கள். போதைக்கு அடிமையானவரைத் தாயத்துக் கட்டாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கழிவுநீரில் கிடந்த கிருமியைக்கூட ஆராய்ந்து பயன் கண்டான் மனிதன். பக்கத்தில் கிடந்து அழும் மனிதனை விதியென்று விட்டுவிடுவது அறிவுமல்ல, அன்புமல்ல.