கிணறு சவரான வருசம்



யாழ்ப்பாணத் தீவு மக்களின் இடப்பெயர்வைப் பேசக் கொழும்பு வெள்ளவத்தையில் கூடியிருக்கிறோம். பொருத்தமான இடந்தான். இந்த ஒழுங்கைகளில் எந்தக் கதவைத் தட்டினாலும் புங்குடுதீவோ வேலணையோ நெடுந்தீவோ வந்து திறக்கும். கொட்டாஞ்சேனையிலும் அப்படியே.

என் பெரியம்மா புங்குடுதீவுக்காரி. இங்கே மூன்றாம் மாடியில் இருக்கிறார். குழாயில் இரவு பகலாகத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் குளியலறையில் இரண்டு வாளி எப்போதும் நிறைந்தே நிற்கும். போன வருடம் ஒரு மாணவி வினாக்கொத்தோடு வந்தாள்.

"ஏன் அம்மம்மா ஊரை விட்டு வந்தனீங்கள்?"

"சண்டைதான் பிள்ளை, வேறென்ன?"

'போர்' என்ற கட்டத்தில் சரி விழுந்தது. பிறகு, தேத்தண்ணி குடிக்கும்போதுதான் பெரியம்மா சொன்னார்: "கிணறு அதுக்கு முதலே சவராப் போச்சு. நல்ல தண்ணிக்கு ஒரு கட்டை நடக்கோணும்." மாணவி அதற்குள் பேனையை மூடிவிட்டாள்.

இரண்டு விடையும் உண்மை. 1990-91இல் இலங்கை இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது பல ஊர்கள் வெறுமையாயின. ஆனால் திரும்பலாம் என்றான பின்னும் பலர் ஏன் திரும்பவில்லை? அங்கேதான் கிணறு பேசத் தொடங்குகிறது.

சுண்ணாம்புக்கல் தீவில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி இருக்கும். மேலே அரையடி இறங்கினால் கீழே இருபதடி போய்விடும். துலாவால் இறைத்தவரை மேல்தண்ணீரை மட்டும் அள்ளினோம். பம்ப் வந்து அடித்தண்ணீரையும் இழுத்தது; உப்புநீர் மேலேறிக் கிணறு சவரானது. மாரி பொய்த்தாலும் கடல் ஏறினாலும் விளைவு அதுவே. தூர்ந்துபோன குளங்களுக்கும் கேணிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆகவே சவரான எல்லாக் கிணறுகளையும் காலநிலையின் தலையில் கட்டிவிடாதீர்கள். எனக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்கள் சிலவற்றில் அந்த அவசரம் தெரிகிறது. இந்த அரங்கின் தலைவர் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1964 டிசம்பர்ப் புயலில் அக்கரைத் தனுஷ்கோடியைக் கடல் ஒரே இரவில் கொண்டுபோனது. காரணம் கேட்க அங்கே ஆள் வேண்டாம். கிணறு அப்படி ஒரே இரவில் சாவதில்லை.

மெல்லச் சாகும் கிணற்றைச் சட்டமும் எளிதில் காரணமாக ஏற்பதில்லை. பசிபிக்கின் கிரிபாட்டித் தீவு நாட்டிலிருந்து வந்த இயோவானே தெய்தியோட்டா நியூசிலாந்தில் அகதி நிலை கேட்டார். அவர் சொன்ன காரணங்களில் குடிநீரில் உப்பு ஏறியதும் ஒன்று. மறுத்து, 2015இல் திருப்பி அனுப்பினார்கள். ஐ.நா. மனித உரிமைகள் குழு 2020இல் வெளியிட்ட முடிவிலும் அவருக்குத் தோல்விதான். ஆனால் காலநிலையால் உயிருக்கு ஆபத்து வரும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாத நிலை ஏற்படலாம் என்று அதே குழு ஒப்புக்கொண்டது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கிணற்றுக்கு இடமில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வினாக்கொத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: கிணறு எந்த வருசம் சவரானது? தெரியாது என்பார்கள். எந்தப் பிள்ளை பிறந்த வருசம், எந்தப் புயல் அடித்த வருசம் என்று கேளுங்கள், சொல்வார்கள். குடம் சுமந்தவர்கள் பெண்கள். வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்காதீர்கள்.

பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கெதியாய்ப் போங்கள்.